மூன்று செபமாலைத் தூரம்

ஆகஸ்ட் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றேகால் மணிக்கு, முதியோர் இல்லத்து வேலை முடிந்து காருக்குள் ஏறிய பேர்ணடெட், இருக்கைப் பட்டியைக்கூடப் போடாமல் கைப்பேசியைத் திறந்து இரத்தச் சீனிப் பரிசோதனை முடிவைப் பார்த்தாள். அறுபத்தாறு என்றிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். துடைத்த கண்ணாடிக்கும் அறுபத்தாறுதான்.

மார்ச் மாதம் இதே சோதனையில் ஐம்பத்திரண்டு வந்தது. அன்றைக்கு டொக்டர் அபர்ணா கதிரையை விட்டு எழுந்து வந்து கை குலுக்கினாள். "இப்படியே போச்சுன்னா இன்சுலின் ஊசியப் பத்தி நாம பேசவே வேண்டாம்மா. அறுபத்தஞ்சத் தாண்டினாத்தான் யோசிக்கணும்" என்றாள். பேர்ணடெட் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஐம்பத்திரண்டில் நிற்கிறவளுக்கு அறுபத்தைந்து என்பது வேறொருத்தியின் ஊர். அங்கே தனக்கு என்ன அலுவல் என்று இருந்தது.

ஒருநாள் சீனியைச் சொல்லும் சோதனையில்லை இது. கடந்துபோன மூன்று மாதத்தையும் சேர்த்துப் பிழிந்து ஒரே எண்ணாகச் சொல்வது. முதல்நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. யாரோ ஒருவருடைய பிறந்தநாளுக்கு ஒரு துண்டு கேக் தின்றதற்காக அது கோபித்துக்கொள்ளவும் மாட்டாது. அதனால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதத்தில் பத்து நாள் நடக்காமல் விட்டிருந்தால், "சரி, என்ரை பிழை" என்று மனம் ஆறியிருக்கும். அவள் ஒரு நாளும் விடவில்லை. காய்ச்சலோடும் நடந்தாள். மழையோடும் நடந்தாள். ஒழுங்காகப் படித்த பிள்ளைக்குச் சோதனையில் குறைத்துப் போட்டதுபோல இருந்தது.

ஊசி என்றால் அவளுக்கு முதலில் நினைவு வருவது மன்னாரில் இருக்கும் அக்கா இராசமலர்தான். கல்யாண வீடுகளில் எல்லாரும் கை கழுவிப் பந்திக்குப் போகிற நேரத்தில் அக்கா மட்டும் பெண்ணின் அறையைத் தேடிப் போவாள். சீலைக் கொய்யகத்தைத் தளர்த்தி வயிற்றில் ஊசியைப் போட்டு, மறுபடி செருகிக்கொண்டு வருவதற்குள் முதல் பந்தி எழும்பிவிடும். அந்த அறைக் கதவுக்கு எத்தனையோ தடவை காவல் நின்றவள் பேர்ணடெட். இனித் தனக்கு யார் காவல் நிற்பது? அதைவிட மோசம், சென்ற வருடக் கடைசியில் தமிழ்ப் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் நாலு பெண்களுக்கு நடுவில் நின்று, "மாதாவின்ரை செபமாலைதான் என்னை ஊசியில இருந்து காப்பாத்தினது" என்று வாய் நிறையச் சொல்லியிருந்தாள்.

அது வெறும் பேச்சில்லை. அதே வருடம் குளிர்காலம் முடிந்த கையோடு டொக்டர் அபர்ணா, "தினமும் ஒரு மணி நேரம், கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி நடங்க" என்று சொன்னபோது, பேர்ணடெட்டுக்கு அந்த ஒரு மணித்தியாலத்தை எப்படி அளப்பது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. வேலையில் முழங்கைக்குக் கீழே மணிக்கூடு, காப்பு ஒன்றும் போடக்கூடாது என்பதால் அவளுக்கு மணிக்கூடு கட்டும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. கைப்பேசியைக் கையில் கொண்டு போனால் மன்னாரிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள், நடை கதையாகிவிடும். எனவே செபமாலையைக் கொண்டு போனாள். மகிழ்ச்சி, துக்கம், மகிமை என்று மூன்று மாலையும், மாலைக்கு ஐந்து தேவரகசியம், தேவரகசியத்துக்குப் பத்து மணி என்று முழுதாகச் சொல்லித்தான் வீட்டுப் படலையைத் திறப்பது. ஜனவரி மாதத்தில் ஒருநாள் மகள் றோஷினி கூட நடந்து கைப்பேசியில் நேரம் பார்த்தாள். ஐம்பத்தெட்டு நிமிடம். அன்றிலிருந்து மூன்று செபமாலை என்றால் ஒரு மணித்தியாலம். இறாத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ் என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்ததுபோல அது அவளுக்குள் உறைந்துவிட்டது.

பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த நாட்டில் டிசம்பரும் ஜனவரியும்தான் கோடை; அந்தக் கோடையில் நடைக்கு ஓர் அழகு இருந்தது. ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் வெயில் இன்னும் தோளில் இருக்கும். லின்ஃபீல்ட் தெருக்களில் இறங்கி, சில்லறைச் சாமான் விற்கும் டெய்ரிக் கடையை அடையும்போது மகிழ்ச்சி முடியும். கடற்கரைப் பக்கம் போய்த் திரும்பும்போது துக்கம் தொடங்கும். இயேசு சிலுவை சுமக்கிற தேவரகசியம் வரும் இடத்தில் சொல்லிவைத்தாற்போல அந்தப் பெரிய ஏற்றம் வரும். ஒவ்வொரு மணியிலும் சொல்கிற மங்கள வார்த்தைச் செபம் ஒன்றுக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கி, வியர்த்து, ஏறி முடிக்கும்போது, "இதெல்லாம் மாதா போட்ட வரைபடம்" என்று தோன்றும். மகிமை முழுதும் வீடு திரும்பும் வழி. பின்னால் மனுக்காவுக் கடல் பொன்னாகக் கிடக்கும்.

ஏப்ரல் மாதத்தில், குளிர்காலம் வருகிறதென்று நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளினார்கள். ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. முதல் கிழமை டோர்ச் லைட்டோடு போனாள். இரண்டாம் கிழமை ஒரு வீட்டு நாய் அந்த வெளிச்சத்தைத் தனக்கு விட்ட சவாலாக எடுத்துக்கொண்டது. மே மாதம் மழை வந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இந்த ஊரில் ஆடி வரையும் காத்திருக்கத் தேவையில்லை. வைகாசியிலேயே இரண்டு குடை கம்பி கம்பியாகப் போயிற்று. ஜூன் மாதத்தில் பாசி பிடித்த நடைபாதையில் சறுக்கி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள்.

கணவன் யேசுராசா பென்ரோஸில் ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அதிகம் கதைக்காத மனிதன். அன்றைக்கு மருந்து பூசிவிட்டுச் சொன்னான்: "இடுப்பு முறிஞ்சா சீனியைப் பாக்கிறதோ, இடுப்பைப் பாக்கிறதோ? வீட்டுக்குள்ளையே நடவுமன்."

அப்படித்தான் நடை வீட்டுக்குள் வந்தது. முன்கதவிலிருந்து குளியலறைக் கதவு வரைக்கும் ஓடை போன்ற ஒடுங்கிய வழி. கால் வைத்து எண்ணினால் போகப் பதினான்கு எட்டு, வரப் பதினான்கு எட்டு. நடுவில் ஹீட்டருக்குப் பக்கத்தில் காயாத உடுப்புகள் தொங்கும் ஸ்டாண்ட். அந்த இடத்தில் மட்டும் ஒருச்சாய்ந்து போகவேண்டும். ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குத் தொடங்குவாள். யேசுராசா தொலைக்காட்சியில் ஆறு மணிச் செய்தியைப் போட்டு, அவள் செபம் முடியும்வரைக்கும் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பான். மூன்று செபமாலை. ஒரு மணியும் குறைந்ததில்லை.

அதற்குக் கூலி அறுபத்தாறு.

வியாழக்கிழமை டொக்டர் அபர்ணா கணினியைப் பார்த்தாள், பிறகு பேர்ணடெட்டைப் பார்த்தாள். திருச்சிப் பக்கத்துப் பெண்; வயதில் பேர்ணடெட்டைவிடப் பதினைந்து வருடம் சின்னவள். என்றாலும் அந்த அறைக்குள் போனால் பேர்ணடெட்டுக்குத் தலைமை ஆசிரியைக்கு முன்னால் நிற்பதுபோல இருக்கும்.

"உக்காருங்கம்மா. என்னாச்சு?"

"எனக்குத் தெரியேல்ல டொக்டர்."

"சாப்பாடு?"

"அதே சாப்பாடுதான். காலமை குரக்கன் புட்டு, மத்தியானம் ஒரு கோப்பைச் சிவப்பரிசிச் சோறு."

"மாத்திரை விட்டுப்போச்சா?"

"இல்லை."

"நடக்கிறீங்களா?"

"ஒவ்வொரு நாளும். மூண்டு செபமாலை."

"அது எவ்வளவு நேரம் வரும்?"

"ஒரு மணித்தியாலம்." இதைச் சொல்ல அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தாள். "அப்படின்னா மருந்து பத்தல. இன்சுலின் ஆரம்பிச்சிடலாம்மா. இப்பல்லாம் ஊசி ரொம்பச் சின்னது, வலியே இருக்காது."

"வலிக்குப் பயமில்லை டொக்டர்," என்றாள் பேர்ணடெட். "நான் ஒண்டும் பிழை விடேல்ல. பிழை விட்டிருந்தா ஊசி போடுங்கோ. விடாத பிழைக்கு என்னெண்டு போடுறது?"

டொக்டருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். மார்ச் மாத முடிவைத் திரையில் திரும்ப எடுத்தாள். "சரி. மார்ச்சுக்கும் இப்பத்துக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு மாறியிருக்கு. உடம்பு சும்மா ஏத்தாது. அடுத்த வியாழக்கிழமை வாங்க. என்ன மாறிச்சுன்னு கண்டுபிடிச்சுட்டு வந்தீங்கன்னா மூணு மாசம் தர்றேன். இல்லைன்னா அன்னைக்கே ஊசி போடக் கத்துக்கிட்டுத்தான் போறீங்க. சரியா?"

வழியில் ஒரு கொப்பி வாங்கினாள். கோடு போட்டுப் பிரித்து எழுதத் தொடங்கினாள்: எழும்பிய நேரம், தின்றது, குடித்தது, மாத்திரை, நடை. மாத்திரைப் போத்தலைக் கொட்டி எண்ணினாள், கணக்குச் சரி. அரிசி அளக்கிற கோப்பையைத் தூக்கிப் பார்த்தாள், அதே கோப்பை. பிறகு குடும்பத்தைச் சந்தேகிக்கத் தொடங்கினாள்.

"றோஷினி, நீ சமைக்கிற நாளில கறிக்குச் சீனி போடுறனியோ?"

"வை வுட் ஐ டூ தட், மம்மி?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நோ! எனக்குக் கறி வைக்கவே தெரியாது. யூ நோ தட்."

யேசுராசாவும் தப்பவில்லை. "உங்கடை தேத்தண்ணியையும் என்ரை தேத்தண்ணியையும் மாத்தி வைக்கிறனீங்களோ?"

"உம்மடை தேத்தண்ணி வேப்பங்காய். அதை ஆர் மாத்திக் குடிக்கிறது?"

இருமல் மருந்தின் போத்தலைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தாள். ஹீட்டர் காற்று உடம்புக்கு ஆகாதோ என்று ஓர் இரவு அதை நிற்பாட்டினாள்; விடிய எல்லாரும் தும்மிக்கொண்டு எழும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒருத்தி, "என்ன அக்கா, மாதா எப்பிடி வைச்சிருக்கிறா?" என்று கேட்டாள். "நல்லா வைச்சிருக்கிறா" என்று சொல்லிவிட்டுக் கார் தரிப்பிடத்துக்கு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கொப்பியில் நாலு நாள் நிரம்பிவிட்டது. நாலு நாளிலும் ஒரு பிழை இல்லை. அந்தச் சுத்தமான பக்கங்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல் கூடியது. குற்றம் செய்தவர்கள் தடயத்தை மறைக்கப் பாடுபடுவார்கள். அவள் தன் குற்றத்தின் தடயத்தைத் தேடிப் பாடுபட்டாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மழை கூரையில் கல் எறிந்துகொண்டிருந்தது. பேர்ணடெட் ஓடைக்குள் நடந்தாள். உதடு அசைந்தது, விரல் அசைந்தது, ஸ்டாண்டில் தொங்கிய யேசுராசாவின் ஈரச் சாக்ஸ் ஒவ்வொரு சுற்றிலும் கன்னத்தில் தட்டியது. மூன்றாம் மாலையின் கடைசி மணியை உருட்டிச் சிலுவையை முத்தமிட்டு, ஹீட்டருக்கு முன்னால் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். யேசுராசா ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான்.

"இண்டைக்கும் ரக்பி தொடங்க முந்தி முடிச்சிட்டீர்," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொப்பியில் எழுதப் போனவளின் பேனா நின்றது. "என்ன சொன்னனீங்கள்?"

"இல்லை, விளையாட்டுச் செய்தி சத்தத்தோட பாக்கலாம். கோடையில நீர் வந்து படலை திறக்க, நாளைக்கு மழையோ வெயிலோ எண்டு சொல்லி முடிஞ்சிடும். இப்ப வசதி."

அந்தச் செய்தி ஆறு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடிவது. காலநிலை கடைசியில் வருவது. விளையாட்டுச் செய்தி எத்தனை மணிக்கு வரும் என்று பேர்ணடெட் கேட்கவில்லை. அடுப்படிச் சுவரில் இருந்த மணிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு முப்பத்தாறு.

"எப்ப இருந்து இப்பிடி?"

"நீர் உள்ளுக்க நடக்கத் தொடங்கின நாளில இருந்து. முதல் கொஞ்சம் பிந்தும். இப்ப நல்ல கெதி."

"இரண்டு மாதமா! நான் மாத்திரை எண்ணிக்கொண்டு கிடக்கிறன், பிள்ளையோட சண்டை பிடிக்கிறன், நீங்கள் வாயைத் திறக்கேல்லயே?"

"செபம் சொல்லுற ஆளை இடையில மறிச்சு நான் என்னத்தைக் கதைக்கிறது? கதைச்சா அதுக்கும் பேச்சு."

"மறிக்கச் சொல்லேல்ல. முடிஞ்ச பிறகு சொல்லியிருக்கலாமே!"

"முடிஞ்ச பிறகு ரக்பி தொடங்கீடும்," என்றான் யேசுராசா, உண்மையை உண்மையாகவே.

சத்தம் கேட்டு றோஷினி அறைக்குள்ளிருந்து வந்தாள். பேர்ணடெட் எழுந்து நின்று, செபமாலையைச் சாட்சிப் பொருள்போலத் தூக்கிப் பிடித்தாள். "ஒரு மணியும் நான் விடேல்ல. மாதா அறிய. நூற்றைம்பத்து மூண்டு மணியும் உருட்டினனான்."

"ஓகே, சொல்லுங்கோ. ஐ வில் டைம் இட்," என்றாள் மகள். "ஒண்டு மட்டும்."

பேர்ணடெட் சொல்லிக்கொண்டு நடந்தாள். நேரம் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததால் வேண்டுமென்றே நிதானமாகத்தான் தொடங்கினாள். ஆனால் இரண்டாவது தேவரகசியத்துக்குள் நாக்கு தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. நாக்குக்குச் சாவி முடுக்கி விட்டதுபோல இருந்தது. றோஷினி கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். பதினொரு நிமிடம் நாற்பது செக்கன்.

"மம்மி, யூ ஆர் லிட்டரலி ராப்பிங்."

"செபத்தைப் பகிடி பண்ணாதை!"

"நான் பண்ணேல்ல. நீங்கள்தான்."

யேசுராசா சிரிப்பை அடக்கத் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினான். கோப்பை வெறுமையாக இருந்தது, இருந்தாலும் குடித்தான்.

பேர்ணடெட் அன்றிரவு சாப்பிட்டுக்கொண்டே மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். பதினொரு நிமிடம் நாற்பது செக்கனை மூன்றால் பெருக்கக் கொப்பி தேவையில்லை. ஒரு மணித்தியாலம் நடக்கிறேன் என்று டொக்டருக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது முப்பத்தைந்து நிமிடம். அதுவும் ஏற்றம் இல்லாத, ஒருச்சாய்ந்து ஒருச்சாய்ந்து போகிற நடை. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திராது. பொய்யை ஒருவர் தெரிந்துதானே சொல்கிறார். இது தெரியாமல் நடந்த களவு. யாரிடமிருந்து களவெடுத்தது என்று யோசித்தபோது, தன் உடம்பிடமிருந்தா, மாதாவிடமிருந்தா என்று அவளுக்கே தீர்க்கமாகச் சொல்ல முடியவில்லை.

கை கழுவும்போதுதான் விளங்கியது. வெளியில் செபத்தை இழுத்துப் பிடித்தது அவளுடைய பக்தி இல்லை, அந்த ஏற்றம். மூச்சு வாங்குகிறவளுக்கு வேகமாகச் செபம் சொல்ல முடியாது. நாக்கு காலுக்குக் காத்திருந்தது. இங்கே காலுக்கு வேலை இல்லை. குளிர்கிறது, இருட்டியிருக்கிறது, ஈரச் சாக்ஸ் முகத்தில் அடிக்கிறது, ஹீட்டருக்கு முன்னால் கதிரை வெறுமையாக இருக்கிறது. நாக்கு ஓடத்தானே செய்யும்.

புதன்கிழமை ஆறுதலாகச் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு தொடங்கினாள். ஒரு சொல்லுக்கு ஒரு எட்டு. முதல் பத்து மணி சரியாகப் போயிற்று. இரண்டாவது பத்தில், பூசினிக்காயை அடுப்பில் வைத்தேனா என்று ஒரு நினைப்பு வந்தது. நினைப்பிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் நாக்கு நாலாவது பத்தில் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் ஓடியது. "ஐஞ்சு மாலையாச் சொல்லுமன்," என்றான் யேசுராசா. "ஐஞ்சு எண்டா இன்னும் கெதியா ஓடுவன், உங்களுக்கு விளங்கேல்லயோ?" என்று கத்தினாள். மூன்றாம் தடவை, கோபத்தில், உதட்டுக்குள் சொல்லாமல் வாய்விட்டே சொல்லத் தொடங்கினாள். சொல்லின் சத்தம் காதில் விழுந்தாலாவது நாக்குக்கு வெட்கம் வரும் என்று நினைத்தாள்.

மங்கள வார்த்தையின் முதல் பாதியைச் சத்தமாகச் சொல்லி மூச்செடுத்தாள். அதற்குள் சோபாவிலிருந்து மற்றப் பாதி வந்தது.

யேசுராசா வேண்டுமென்று சொல்லவில்லை. தொலைக்காட்சியில் எங்கேயோ வெள்ளம் காட்டினார்கள். அவன் கண் அதில்தான் இருந்தது. ஆனால் சின்ன வயதிலிருந்து கோயிலில் ஒருவர் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லியே பழகிய வாய். முதல் பாதி காதில் விழுந்தால் இரண்டாம் பாதி தானாகக் கழன்று விழும். அவனுடைய வாயில் அது மன்னார்க் கோயிலின் பின்வாங்கில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களின் இழுப்போடு வந்தது. ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து வாளியால் தூக்குகிற மாதிரி.

பேர்ணடெட் அடுத்த மணிக்கு விரலை நகர்த்திவிட்டுக் காத்திருந்தாள். அவன் இன்னும் 'ஆமென்' சொல்லவில்லை.

"கெதியாச் சொல்லி முடியுங்கோவன்!"

"நான் எப்ப சொன்னனான்?" என்று திடுக்கிட்டான் யேசுராசா.

றோஷினி அறைக்குள்ளிருந்து கத்தினாள்: "டாட், கீப் கோயிங்! ஐ ஆம் டைமிங்!"

அந்த ஒரு மாலை பத்தொன்பது நிமிடம் எடுத்தது. அவ்வளவு நேரமும் பேர்ணடெட்டுக்கு ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும்போலிருந்தது.

வியாழக்கிழமை கொப்பியோடு டொக்டர் அபர்ணாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முழுவதையும் சொன்னாள்: ஏற்றம், ஓடை, ரக்பி, பதினொரு நிமிடம் நாற்பது செக்கன். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது முகம் சூடாக இருந்தது. டொக்டர் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். டொக்டர் சிரிக்கவில்லை.

"எங்க அம்மாவும் இப்படித்தான்," என்றாள். "கோயில் பிரகாரத்த நூத்தியெட்டுச் சுத்து சுத்துவாங்க. ஆடில ஒரு வேகம், வெயில்ல ஒரு வேகம். கேட்டா, நூத்தியெட்டு நூத்தியெட்டுதானேம்பாங்க." பிறகு ஒரு தாளை எடுத்து எழுதினாள். "மூணு மாசம். நவம்பர் முதல் வாரம் ரத்தம் குடுக்கணும். வீட்டுக்குள்ள வேண்டாம், ஏத்தம் வேணும். நல்ல மழைக்கோட்டு, பிடிப்பான ஷூ வாங்கிக்குங்க. கடிகாரத்து ஒரு மணி நேரம். அதுக்குள்ள நீங்க எத்தன ஜெபம் பண்ணாலும் எனக்கு ஆட்சேபனை இல்ல."

"நவம்பரிலயும் கூட இருந்தா?"

"அன்னைக்கே ஊசி. அழக்கூடாது, வாதாடக்கூடாது. சரியா?"

"ஓம்," என்றாள் பேர்ணடெட். இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னாள்.

அன்று பின்னேரம் ஆறு மணிக்கு மழை விட்டபாடில்லை. யேசுராசா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியிருந்தான். பேர்ணடெட் அதைத் திரும்ப எடுத்து அவனுடைய காலுக்கு முன்னால் வைத்தாள்.

"என்ன?"

"வெளிக்கிடுங்கோ. மற்றப் பாதி சொல்ல ஆள் வேணும்."

"செய்தி?"

"நாளைக்கு மழை. நானே சொல்லுறன்."

அவன் சப்பாத்தைத் திரும்ப மாட்டினான். பிறகு கிடங்கில் கொடுத்திருந்த செம்மஞ்சள் மழைக்கோட்டுகள் இரண்டைக் கொண்டு வந்தான். கார் வெளிச்சம் பட்டால் வெள்ளிக் கோடு மின்னுகிற கோட்டுகள். பேர்ணடெட்டுக்கு அது முழங்கால் வரை வந்தது. கண்ணாடியில் பார்த்தாள். தெருவேலைக்குப் போகிறவள்போல இருந்தாள். தெரிந்தவர்கள் யாரும் கண்டுவிடக்கூடாது என்று நினைத்தாள். பிறகு, கண்டால் கண்டுவிட்டுப் போகட்டும், ஊசியோடு காண்பதைவிட இது மேல் என்று கதவைத் திறந்தாள்.

டெய்ரிக் கடைக்குப் போகுமுன்பே அவளுக்குப் பொறுமை போய்விட்டது. மழை தொப்பியில் தாளம் போட்டது. மூக்கு நுனி மரத்துப்போயிற்று. அவள் தன் பாதியைச் சொல்லி முடித்து நாலு எட்டு முன்னால் போய்விடுவாள். பின்னாலிருந்து இருட்டுக்குள் அவனுடைய பாதி ஆடி அசைந்து வரும். நாய் இருக்கும் வீட்டைக் கடக்கும்போது நாய் குரைத்தது. யேசுராசா குரைப்பு முடியும்வரைக்கும் செபத்தை நிறுத்திவைத்தான்.

"நாய்க்கு ஏன் காத்திருக்கிறீங்கள்?"

"இடையில கதைக்கக்கூடாது எண்டு நீர்தானே சொல்லுறனீர்."

மழையிலும் அவனுக்குக் காத்திருந்ததிலும் கால் பிந்தி, சிலுவை சுமக்கிற தேவரகசியம் ஏற்றத்துக்கு முன்பே வந்துவிட்டது. நாலாவது பத்து தொடங்கும்போது இன்னும் கடற்கரைப் பக்கத்தில்தான் நின்றார்கள். அவளுடைய பழைய வரைபடம் முழுதும் இடம் மாறிப்போயிற்று. சிலுவை சுமக்கிற இடத்தில் சமதரை. முள்முடி எங்கே வந்தது என்று அவளுக்கே நினைவில்லை. ஏற்றம் தொடங்கியபோது மூச்சு இரைத்தது. சப்பாத்துக்குள் தண்ணீர் சளக்சளக்கென்றது. நவம்பருக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி, பார்த்தால் நடை இன்னும் நீளும்போலத் தோன்றி, நிறுத்திவிட்டாள்.

யேசுராசா ஒரு கடிதப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் மூச்சு வாங்கியது. ஐம்பத்தெட்டு வயதுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது நடையாகிவிடாது.

"சொல்லுங்கோ," என்றாள் பேர்ணடெட்.

"சொல்லுறன், நில்லும்."

"நிக்கக்கூடாது. நடந்துகொண்டு சொல்லுங்கோ."

"நடந்துகொண்டு சொன்னா மூச்சு இல்லை. நிண்டு சொன்னா நீர் கத்துறீர். கெதியாச் சொன்னதாலதானே இண்டைக்கு இந்த மழையில நிக்கிறம்."

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஒன்றல்ல, நாலைந்து இருந்தன. ஆனால் அவள் சொல்ல வேண்டிய பாதி முடிந்துவிட்டது. அவனுடைய பாதி வராமல் அடுத்த மணிக்குப் போக முடியாது. ஒரு கார் ஏற்றத்தில் வந்து இரண்டு செம்மஞ்சள் கோட்டுகளையும் கண்டு, தெருவில் ஏதோ வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு மெதுவாகி விலகிப் போயிற்று. பேர்ணடெட் சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவில் அந்த மணியைப் பிடித்தபடி, கடிதப் பெட்டிக்கு முன்னால் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்துகொண்டிருந்தாள்.